ஒரு லைன், பத்து டேபிள்

1978-ல் இத்தாலிய இறக்குமதியாளர் வெரோனா வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்து இருபது வருஷம், வெளிநாட்டு பையர் சொல்வது எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு மெஷின் வழியாகத்தான் கம்பெனிக்குள் நுழைந்தது. முதலில் டெலக்ஸ், பிறகு ஃபேக்ஸ். அந்த மெஷின் முதலாளி அறையில் இருக்கும், அல்லது அவர் கண் பார்வையில் இருக்கும். காலரை அரை சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லி ஒரு வரி வந்தால், அது முதலாளிக்குத் தெரிந்த பிறகே பேட்டர்ன் மாஸ்டருக்குத் தெரியும்.

இன்டர்நெட் வந்தும் இந்த ஏற்பாடு உடனே மாறிவிடவில்லை. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணைப்பை 1995 ஆகஸ்ட் 15-ல் பெருநகரங்களில் தொடங்கியது. கொங்கு நாட்டுப் பனியன் கம்பெனிகளில் டயல்-அப் பரவியபோதும் டெலிபோன் இருந்த இடத்தில்தான் கம்ப்யூட்டரும் உட்கார்ந்தது. மோடம் கத்தி முடித்துக் கனெக்ட் ஆனால் பெட்டியில் போட்டிருந்த வேகம் 56 கிலோபிட். லைனில் இரைச்சல் இருந்தால் அதுவும் வராது. நெட் ஓடும்வரை அந்த நம்பருக்கு யார் போன் போட்டாலும் எங்கேஜ்டு. வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் டேபிளுக்கு அனுப்புவார்கள். அவர் ஓரத்தில் பேனாவால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். அதை இன்னொருவர் டைப் செய்து, அடுத்த முறை லைன் போடும்போது அனுப்புவார்.

ஒரு கனெக்‌ஷனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 1999-ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் சேர்த்தது. மோடம் மாட்டிய கம்ப்யூட்டரில் ஒரு நெட்வொர்க் கார்டு போட்டு, அங்கிருந்து ஒரு ஹப், ஹப்பிலிருந்து மற்ற டேபிள்களுக்கு வயர். வேலை செய்தது. ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டரை யாராவது அணைத்துவிட்டால் மொத்த ஆபீஸுக்கும் நெட் போச்சு.

நிலைமையைப் புரட்டிப்போட்டது 2005 ஜனவரி. பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. 2004-ன் பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட்தான். இன்றைக்கு அந்த வேகத்தில் ஒரு போட்டோகூட நகராது. ஆனால் அன்று போனும் நெட்டும் ஒரே வயரில் ஒரே நேரத்தில் ஓடியது பெரிய விடுதலை. ஹுவாவே எம்.டி.882 மாதிரியான மோடம்களில் ஒரு நெட்வொர்க் போர்ட், ஒரு யு.எஸ்.பி. போர்ட், அவ்வளவுதான். கணக்கு எழுதுபவருக்கு ஒன்று, மெர்ச்சண்டைசர்களுக்கு நாலு, டாக்குமென்டேஷனுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர்கள் வரிசையாக நிற்க, போர்ட் ஒன்றே ஒன்று.

அன்று சர்வீஸுக்கு வரும் பையன்களின் கைவண்ணம் இங்கேதான் தெரிந்தது. மோடம் பிரிட்ஜ் மோடில் இருந்தால், எந்தக் கம்ப்யூட்டரில் யூசர்நேம் அடித்து டயல் செய்கிறோமோ அதற்கு மட்டுமே நெட். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, இரண்டு கட்டத்திலும் அட்மின் என்று போட்டு உள்ளே போய், பி.பி.பி.ஓ.இ. என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, யூசர்நேம் பாஸ்வேர்டை மோடத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். இனி மோடமே டயல் செய்துகொள்ளும். அந்த ஒற்றைப் போர்ட்டிலிருந்து எட்டு போர்ட் ஸ்விட்சுக்கு ஒரு வயர் இழுத்தால் ஏழு டேபிளுக்கும் நெட் வந்துவிடும். வெளியுலகுக்குத் தெரியும் முகவரி ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.2, 1.3 என்று தனித்தனி எண். யார் எதைக் கேட்டார்கள் என்று மோடம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வந்த பதிலை உரியவரிடம் சேர்க்கும். வைஃபை ரூட்டர்களும் அதே காலத்தில் கடைகளுக்கு வந்தன; பனியன் கம்பெனி ஆபீஸ்கள் பெரும்பாலும் வயரையே நம்பின, அதில் தவறும் இல்லை.

அன்றைய சண்டையெல்லாம் அப்லோடை வைத்துத்தான். பத்து எம்.பி. ஆர்ட்வொர்க்கை 256 கிலோபிட்டில் அனுப்ப, கணக்குப்படியே ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை மற்ற டேபிள்களில் மெயில்கூடத் திறக்காது. டவுன்லோடு ஆகும் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைத்தது என்று ஒரு சின்னச் செய்தி மேலே போக வேண்டும். மேலே போகும் வழியை ஆர்ட்வொர்க் அடைத்துக்கொண்டால், கீழே வரும் வழி காலியாக இருந்தும் பயனில்லை. பிரிண்டிங் டிசைன் போகுது, யாரும் நெட்டைத் தொடாதீங்க என்ற குரல் கேட்காத மெர்ச்சண்டைசிங் அறை அன்று இருந்திருக்காது. மழைக்காலத்தில் இடி இறங்கினால் டெலிபோன் வயர் வழியாகவே மோடம் போய்விடும் என்பதால், வானம் கறுத்ததும் ஒருவர் எழுந்துபோய் வயரைப் பிடுங்கிவிடுவார். நிட்டிங் மெஷின் பக்கத்தில் வைத்த ரூட்டரில் காற்றோட்டத் துளையெல்லாம் பஞ்சு படிந்து, சூடேறித் தானாக நின்று நின்று ஓடும். அவிநாசி ரோடு ஆபீஸோ காங்கேயம் ரோடு ஃபேக்டரியோ, இந்தத் தொல்லைகள் எல்லோருக்கும் பொது.

அத்தனை தொல்லையிலும் ஒன்று நடந்தது. பையரின் கேள்விக்கு மெர்ச்சண்டைசர் தன் டேபிளிலிருந்தே பதில் எழுத ஆரம்பித்தார். லேப் டிப் என்னும் சாய மாதிரிக்கான அப்ரூவல், சைஸ் செட் என்னும் அளவு மாதிரிகளுக்கான கமெண்ட் எல்லாம் முதலாளி அறையைத் தாண்டிப் போகத் தொடங்கின. இருபத்தைந்து வயதில் ஒரு பெண் பார்சிலோனாவிலோ ஹாம்பர்கிலோ இருக்கும் ஆளோடு தன் பெயரில் கடிதம் எழுதி ஆர்டரை நடத்திக்கொண்டு போனது, அந்த எட்டு போர்ட் ஸ்விட்ச் வந்த பிறகுதான். திருப்பூர் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் நூலையும் மெஷினையும் சொல்வார்கள். ஆபீஸ் மூலையில் விளக்கு மினுக்கிய அந்தப் பெட்டியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இன்று ஃபைபர் வந்துவிட்டது. 100, 300 மெகாபிட் சாதாரணம். 2020-ல் பையர்கள் விமானம் ஏற முடியாமல் போனபோது, தையல் தளத்தில் போனைப் பிடித்து ஓவர்லாக் தையலை நேரலையில் காட்டி அப்ரூவல் வாங்கும் பழக்கம் பரவியது. பேட்டர்ன் அறையின் பிளாட்டர், வாசலில் கைரேகை மெஷின், கேமராக்கள், லைனில் உற்பத்தியைப் பதியும் டேப், எல்லோர் பாக்கெட்டிலும் போன் என்று அத்தனையும் ஒரே ரூட்டரைத்தான் பிடித்துத் தொங்குகின்றன. அன்று எப்படிப் பகிர்வது என்று தேடினோம். இன்று எதை எதிலிருந்து பிரிப்பது என்று தேட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு வருத்தம். துணி எடை 180 ஜி.எஸ்.எம். கேட்டு 170 வந்தால் துணியைத் திருப்பி அனுப்பும் கம்பெனி, கனெக்‌ஷனோடு வந்த வீட்டு ரூட்டரை அப்படியே வைத்துக்கொள்கிறது. 300 மெகாபிட்டுக்குக் காசு கட்டிவிட்டு, 100 மெகாபிட் போர்ட் உள்ள ரூட்டரை மாட்டினால் வயரில் நூறுக்கு மேல் வரவே வராது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டா என்பது. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தகர ஷீட் கூரையும் இரும்பு ரேக்கும் நிறைந்த ஹாலில் ஆறு ஆன்டெனா ரூட்டரை ஆபீஸில் வைத்தால் கட்டிங் பக்கம் சிக்னல் எட்டாது. ஹாலுக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதுவரை வயர், இதுதான் வழி. இடம் மாறாத கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் வயரே கொடுத்துவிட்டால், போனுக்கும் டேபுக்கும் வைஃபை தாராளமாக இருக்கும்.

இரண்டு கனெக்‌ஷன் ஏற்கும் ரூட்டர் இன்று கட்டாயம். 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்த பிறகு, வெளிமாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அந்தப் பில் இல்லாமல் நகர முடியாது. நெட் நின்றால் லோடு ஏற்றிய லாரியும் நிற்கிறது. ஒரு லைன் போனால் ரூட்டரே மற்றதற்கு மாறிக்கொள்ளும். ஆனால் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்திலோ ஒரே பள்ளத்திலோ வந்தால், ஒரு ஜே.சி.பி. இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். இரண்டாவதை 4ஜி சிம்மாக வைப்பது புத்திசாலித்தனம்.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் முக்கியம். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது; மாட்டிக்கொண்டவை, மோடத்தோடு வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டவை. அட்மின், அட்மின் என்று 2005-ல் பழகிய கை இன்னும் அதையே அடிக்கிறது. விருந்தினர் போனும் கேமராவும், கணக்கும் பையர் மெயிலும் ஓடும் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. மெயிலுக்குள் புகுந்து இன்வாய்ஸில் பேங்க் அக்கவுன்ட் எண்ணை மாற்றிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க ஏற்றுமதியாளர்களைத் தாக்குகிறது. நெட்வொர்க்கைப் பிரிப்பது அதற்கு முழுப் பாதுகாப்பு ஆகாது என்றாலும் ஒரு கதவையாவது அடைக்கும். ஓரளவு நல்ல ரூட்டர்களில் இதற்கு விலேன் என்ற வசதி இருக்கிறது. போட்டுக் கொடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை.

இதெல்லாம் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பவர் டேபிளோடு சந்துக்குள் ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்கள். இன்று எத்தனை பீஸ் முடிந்தது, செக்கிங்கில் எத்தனை கழிந்தது என்று எக்ஸ்போர்ட் கம்பெனி போனிலேயே கேட்கிறது. அந்த யூனிட்டில் நெட் என்பது ஓனரின் போன் ஹாட்ஸ்பாட்தான். அவர் டீ குடிக்கப் போனால் அதுவும் கூடவே போகிறது. சிம் போடும் சின்ன ரூட்டர் ஒன்றும், கரன்ட் போனால் தாங்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றும் அங்கே போதும். வேலை கொடுக்கும் கம்பெனியே வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒரு நாள் தாமதத்தால் சரக்கைக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.