எலிக்குடும்பத்தின் கூடுதல் காவல்

நம் டி.என்.ஏ.வில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் ஏறக்குறைய 2.8 கோடி. அவற்றில் நூற்றுக்கு எழுபது, எண்பது இடங்களில் சைட்டோசின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருக்கிறது. எழுத்து மாறுவதில்லை. ஆனால் ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தக் குறி நெருக்கமாக விழுந்துவிட்டால், அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தேனீயில் இக்குறிகள் மிகச் சொற்பம். மீன் முதல் மனிதர் வரை முதுகெலும்புள்ள உயிர்களிலோ மரபுத்தொகுதி முழுக்கப் பரவிக் கிடக்கின்றன.

குறியிடுவது டி.என்.எம்.டி. என்ற நொதிக் குடும்பம். செல் பிரியும்போது பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையில் படியெடுப்பது அதன் முதலாம் கிளை. வெற்றிடத்தில் புதிதாகக் குறியிடுவது மூன்றாம் கிளை. விலங்குக்கு விலங்கு மாறுவது இந்த மூன்றாம் கிளைதான். மனிதரில் 3ஏ, 3பி என இரண்டு. வரிக்குதிரை மீனில் ஆறு.

சுண்டெலியிடம் இன்னொன்று இருக்கிறது: 3சி. எலிகளின் முன்னோரில் 3பி மரபணு இரட்டித்தபோது பிறந்தது. செயலற்ற போலி மரபணு என்றே நெடுங்காலம் பட்டியலில் கிடந்தது. 2016-இல் பாரிஸ் கியூரி நிறுவன ஆய்வாளர்கள் அதைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். பெண் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண் எலிகள் மலடாயின. விந்தணுவாக வேண்டிய செல்களில், இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள் விழித்துக்கொண்டதே காரணம். மறுஆண்டு நியூயார்க்கில் வேறொரு குழு கண்ட இதே மரபணுவின் பிறழ்வுக்கு ராகு என்று பெயரிட்டார்கள்.

எனக்கு வியப்பு அந்தப் புரதத்தின் உடலமைப்பில். டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் வேதிக் குறிகள் உண்டு. அவற்றைப் படித்தறிந்துதான் 3ஏ-யும் 3பி-யும் எங்கே குறியிடுவது என்று கண்டுகொள்கின்றன. மெத்திலை ஒட்டும் பகுதி 3சி-யிலும் பத்திரமாக இருக்கிறது. படிக்கும் பகுதிகளில் ஒன்று மட்டும் உதிர்ந்துவிட்டது. அதே வேலையை வேறு இடத்தில் செய்ய அந்த இழப்பே உதவியிருக்கலாம். 3சி தேடிப்போவது, அண்மைக்காலத்தில் மரபுத்தொகுதிக்குள் நுழைந்த இளம் தாவும் துண்டுகளின் தொடக்கப் பகுதிகளை.

மனிதரில் இத்தகைய துண்டுகளில் பெரும்பாலானவை எப்போதோ சிதைந்து அடங்கிவிட்டன. சுண்டெலியில் அவை இன்றும் தாவிக்கொண்டிருக்கின்றன.