மார்ச் 31-க்குள் மாறலாமா? இலவச கேட் மென்பொருளும் ஆறாம் எண் முகமும்

நிதியாண்டு முடியப்போகிறது. மைசூரு ஹெப்பாள், ஹூட்டகள்ளி, கூர்கள்ளிப் பகுதிச் சிறு பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கோடு இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொள்ளும் நேரம் இது: கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளின் ஆண்டுச் சந்தா. ஒருமுறை வாங்கி ஆயுளுக்கும் ஓட்டிய காலம் போய்விட்டது. கேட் மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் நிரந்தர லைசென்ஸ் விற்பதை 2016-லேயே நிறுத்திவிட்டது. பணம் கட்டினால் ஓடும், கட்டாவிட்டால் நிற்கும்.

ஓப்பன் சோர்ஸ் பக்கம் போய்விடலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் குழப்பமே அதிகம். ‘அரசாங்கமே கட்டாயமாக்கிவிட்டதாமே’ என்கிறார் ஒருவர். ‘சும்மா கிடைப்பது கணக்கைச் சரியாகப் போடுமா’ என்கிறார் இன்னொருவர். முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு ஓப்பன் சோர்ஸ் கொள்கை, அரசு அலுவலகங்களின் மின்னாளுகைத் திட்டங்களுக்கானது. அதிலும் ‘முன்னுரிமை தருக’ என்பதுதான் உத்தரவு. தக்க காரணம் காட்டி விலக்குப் பெறவும் வழி உண்டு. ஹெப்பாளில் கடைசல் வேலை செய்பவரை அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பரப்ப, கல்வி அமைச்சகத்தின் நிதியில் ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் ‘ஃபாஸ்ஸீ’ திட்டம் உருப்படியான வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தகைய திட்டங்களின் வெற்றியைப் பயிலரங்குகளையும் சான்றிதழ்களையும் எண்ணி அளப்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. சான்றிதழ் வாங்கிய மாணவர் வேலைக்குப் போன இடத்தில் எந்த மென்பொருளைத் திறக்கிறார் என்பதல்லவா கணக்கு?

இரண்டாவது கேள்விக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கணக்குப் போடும் எஞ்சினைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். ‘ஃப்ரீகேட்’ என்ற இலவச கேட் மென்பொருள் வலிமைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தும் ‘கால்குலிக்ஸ்’ சால்வர், ஜெர்மனியின் எம்.டி.யூ. விமான எஞ்சின் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் உருவாக்கியது. பிரான்சின் மின்வாரியமான இ.டி.எஃப். தன் தேவைக்காக எழுதிய ‘கோட் ஆஸ்டர்’ இருக்கிறது. காற்றோட்டம், நீரோட்டம் கணக்கிட ‘ஓப்பன்ஃபோம்’ 2004 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. சரியான மெஷ்ஷும் (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) சரியான சுமையும் கொடுத்தால் இவை சரியான விடையைத் தரும்.

சிக்கல், சுமையைக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு முகத்தைச் சுட்டி ‘இங்கே அழுத்து’ என்று சொல்கிறோம். அது எந்த முகம் என்பதைக் கணினி எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது?

ஃப்ரீகேட் பல்லாண்டுகளாக வரிசை எண்ணைக் கொண்டே இதைச் சமாளித்து வந்தது. ஒரு பெட்டி வரைந்தால் ஆறு முகங்கள். மேல்முகத்துக்கு எண் ஆறு. அதன் மேல் துளை போட்டால், ‘ஆறாம் முகத்தில் துளை’ என்று ஃபைலில் பதிவாகும். மறுநாள் வாடிக்கையாளர் ஃபோன் செய்து, பக்கவாட்டில் ஒரு காடி வெட்டச் சொல்கிறார். காடி வந்ததும் முகங்கள் கூடுகின்றன, மென்பொருள் பட்டியலைத் தலையிலிருந்து மறுபடி எண்ணுகிறது. இப்போது ஆறாம் எண், காடியின் சுவராக இருக்கலாம். துளை அங்கே தாவிவிடும். சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் குழப்பத்தில் தபால் அடுத்த வீட்டுக்குப் போகுமே, அதே கதைதான். புதிதாகப் படிக்க வந்தவர்கள் வெறுத்துப்போய் ஃப்ரீகேட்டைக் கைவிட்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

துளை தாவினால் கண்ணில் படும். சுமை தாவினால்?

ஒரு முனை சுவரில் இறுகப் பொருத்தப்பட்ட எஃகுப் பட்டை. நீளம் 100 மி.மீ., அகலம் 20, தடிமன் 10. மறுமுனையின் மேல்முகத்தில் 500 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்துகிறது. வளைவுத் திருப்பம் 50,000 நியூட்டன் மி.மீ.; வெட்டுமுகக் கெழு 20 × 10 × 10 ÷ 6, அதாவது சுமார் 333. தகைவு 150 மெகாபாஸ்கல். 250 மெகாபாஸ்கல் தாங்கும் சாதாரண எஃகுக்குப் பாதுகாப்புக் காரணி 1.67. இனி எண் மாறி, அதே சுமை மேல்முகத்தை விட்டுப் பக்கமுகத்தில் விழுகிறது என்று வையுங்கள். ஃப்ரீகேட்டில் விசையின் திசையைத் தனியாகச் சொல்லாவிட்டால், முகத்துக்குச் செங்குத்தாகவே அது எடுத்துக்கொள்ளும். பட்டை இப்போது அகலவாட்டில் வளைகிறது. கெழு 10 × 20 × 20 ÷ 6, சுமார் 667. தகைவு 75. காரணி 3.33.

பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம். சால்வர் குறை சொல்லாமல் கணக்கை முடிக்கும். நீலம், பச்சை, சிவப்பில் அழகான படம் வரும். இரண்டு மடங்கு பாதுகாப்பானது என்று காட்டும் அந்தப் படத்தை நம்பி, ‘தடிமனைக் குறைக்கலாமே’ என்று முதலாளி சொல்வார். இலவச மென்பொருள் பற்றிய பேச்சில் என்னை உறுத்துவது இதுதான். கணக்கு சரி, கேள்வி தவறு.

2024 நவம்பரில் வெளிவந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பு இந்த எண் குழப்பத்துக்கு மருந்து கொண்டுவந்தது. முதல் வெளியீட்டிலிருந்து 1.0-க்கு வந்துசேர 22 ஆண்டுகள். ரியல்தண்டர் என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு நிரலாளர் பல ஆண்டுகள் தனிக் கிளையாக வளர்த்த தீர்வு அது. பிறகு பலர் சேர்ந்து மூல மென்பொருளில் இணைத்தார்கள். வழி எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. முகத்துக்கு வரிசை எண்ணோடு அதன் பூர்வீகத்தையும் எழுதிவைப்பது: எந்த ஸ்கெட்சின் எந்தக் கோட்டிலிருந்து பிறந்தது, எந்தச் செயலில் உருவானது, பிறகு எது அதை வெட்டியது. எத்தனை காடி வெட்டினாலும் மேல்முகத்தின் பிறப்பு மாறாதே. எண் மாறினாலும் பூர்வீகத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

முழுதாகத் தீர்ந்ததா? இல்லை. ஒரு முகம் இரண்டாகப் பிளந்தால் இரண்டுக்கும் ஒரே பூர்வீகம். எதைத் தேர்வது என்பது ஊகம்தான். நீங்கள் சுட்டிய முகமே வெட்டுப்பட்டு மறைந்தால் எந்த மென்பொருளாலும் அதைத் தேடித் தர முடியாது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் வணிக மென்பொருள்களிலும் அப்போது சுட்டு அறுந்து தொங்கும். 1.0-க்கு முன் வரைந்த பழைய ஃபைல்களில் பூர்வீகக் குறிப்பு இல்லை. அவற்றை நகலெடுத்து, புதிய பதிப்பில் திறந்து, ஒவ்வொரு சுட்டையும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சுமை சரியான முகத்தில்தான் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு. கணக்கு முடிந்ததும் கால்குலிக்ஸ் எழுதும் ‘.dat’ ஃபைலைத் திறந்து, இறுகப் பொருத்திய முனையின் எதிர்விசையைப் பாருங்கள். 500 நியூட்டன் கீழே அழுத்தினால் 500 மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டுத் திசையில் 500 என்று தெரிந்தால் சுமை இடம் மாறிவிட்டது. மாதிரியைத் திருத்தும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எஃகுக் கட்டட வேலைக்கு? ஐ.எஸ். 800:2007 விதிப்படி கணக்கிடும் ‘ஆஸ்டாக்’ ஃபாஸ்ஸீயில் உருவானது. இணைப்புகளுக்கு நன்று, கையெழுத்திடும் பொறுப்பு உங்களுடையது.

மின்சுற்றுப் பலகைக்கு? ‘கிகேட்’. நஞ்சன்கூட்டில் பலகை செய்தாலும் சீனாவில் செய்தாலும் கெர்பர் ஃபைல் கொடுத்தால் வேலை நடக்கும்.

மேட்லேப்புக்கு மாற்று? சைலேப், ஆக்டேவ்.

டி.டபிள்யூ.ஜி. ஃபைல் திறக்குமா? அது மூடிய வடிவம். மாற்றி மென்பொருள் தனியாக வேண்டும், சில டிராயிங்குகள் சிதையும்.

நம் டிசைனையும் ஊருக்குத் திறந்துகாட்ட வேண்டுமா? வேண்டாம், உரிமம் மென்பொருளின் நிரலுக்குத்தான், நீங்கள் வரைந்ததற்கு அல்ல.

மாணவர் பதிப்பில் ஆர்டர் வேலை செய்யலாமா? கூடாது, உரிமமே தடுக்கிறது. தனிநபருக்கு இலவசமான ஃப்யூஷன் 360-லும், திருத்தக்கூடிய கோப்புகளை ஆட்டோடெஸ்க் 2020-ல் பத்தாகச் சுருக்கியது.

கிராக் செய்த பிரதி? தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பெரிய ஆலைகளுக்குச் சப்ளை செய்கிறோமே? அவர்கள் தங்கள் மென்பொருளின் ஃபைலையே கேட்டால் ஒரு லைசென்ஸாவது வைத்திருக்கத்தான் வேண்டும். பொது வடிவமான ஸ்டெப் ஃபைல் போதும் என்றால் தேவையில்லை.

ஆக, எல்லா லைசென்ஸையும் ஒரே நாளில் கைவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். புதிய வேலைகளை ஃப்ரீகேட்டில் தொடங்குங்கள். ஒரு லைசென்ஸை மட்டும் புதுப்பியுங்கள். அதற்கும் முன்பாக, சந்தா உயிரோடு இருக்கும்போதே பழைய மாதிரிகள் அனைத்தையும் ஸ்டெப் வடிவத்திலும், டிராயிங்குகளை டி.எக்ஸ்.எஃப்., பி.டி.எஃப். வடிவங்களிலும் எடுத்து வேறு வட்டில் சேமியுங்கள். ஸ்டெப்பில் வடிவம் வரும், வரைந்த வரிசை வராது, பரவாயில்லை. கடைசி லைசென்ஸும் ஏப்ரலில் காலாவதியானால் அந்த மென்பொருளில் ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்த முடியாது.