திருமலை இறக்கத்தை உங்க சைக்கிள் பிரேக் தாங்குமா? டிஸ்க் பிரேக் மாத்தும் முன் ஒரு கணக்கு

மவுண்டன் பைக் வாங்கி ஆறு மாசம் ஆனதும் பலருக்கும் ஒரு ஆசை வரும்: பிரேக்கை மாத்தணும். கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ஹைட்ராலிக் போட்டுருங்க, எல்லாம் சரியாயிடும்." சில ஆயிரம் ரூபாய் கைமாறும். ஆனால் உங்கள் பிரச்னை உண்மையிலேயே தீர்ந்ததா என்பது நீங்கள் ஓட்டுகிற சாலையைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ள ஆந்திராவின் சித்தூரும் திருப்பதியும் நல்ல உதாரணங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 70 கி.மீ. தூரம்தான். 2022 ஏப்ரல் வரை இரண்டும் ஒரே மாவட்டம். சித்தூர் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் புழுதிப் பாதைகள், சின்னச் சின்ன மேடு பள்ளங்கள். திருப்பதியில் நேராக எழுந்து நிற்கும் சேஷாசலம் மலை, அதில் நீண்ட இறக்கம். முதல் ஊருக்குப் போதுமான பிரேக் இரண்டாவது ஊரில் உங்களைக் கைவிடலாம். காரணம், சூடு.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

திருமலைக்கு இரண்டு மலைச் சாலைகள் உண்டு. 1944-ல் திறக்கப்பட்ட முதல் காட் ரோடு இப்போது இறங்குவதற்கு, 1974-ல் வந்த இரண்டாவது ஏறுவதற்கு. இறங்கும் சாலை 18 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வருவதற்குள் நீங்கள் இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 617 கிலோ ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பெரிய பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாக மாறுகிறது.

அந்தச் சூடு சீராக வந்தால் சமாளிக்கலாம். ஆனால் அது வளைவுக்கு வளைவு தவணையாக வருகிறது. ஒரு கொண்டை ஊசிக்கு முன்னால் 40 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்குக் குறைக்கிறீர்கள் என்றால், மூன்று விநாடிகளில் சுமார் 4,800 ஜூல். அதாவது வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை 1,600 வாட்டில் வைத்த மாதிரி. அடுப்பின் மேல் இருப்பது பாத்திரம் இல்லை, 120 கிராம் எடையுள்ள ஒரு மெல்லிய எஃகுத் தட்டு. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் அந்த ஒரு தட்டின் வெப்பம் ஒரே தடவையில் சுமார் 80 டிகிரி ஏறும். இரண்டையும் சமமாகப் பிடித்தால் ஆளுக்கு 40 டிகிரி. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

சூடு எல்லை தாண்டும்போது இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிப் பிடிமானம் குறையும்: லீவர் இறுக்கமாகவே இருக்கும், வண்டி நிக்காது. இன்னொன்று, ஹைட்ராலிக் பிரேக்கின் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும்: லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் 'பொத்'துனு போயிடும். கேபிள் பிரேக்கில் கொதிக்க எதுவும் இல்லை. ஆனால் பேட் தேயத் தேய லீவர் தளர்ந்துகொண்டே போகும், தானாகச் சரிசெய்துகொள்ளாது. ஹைட்ராலிக் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும்.

எதை முதலில் மாத்தணும்?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

1. பேட். ரெசின் பேட் சத்தமில்லாமல், மென்மையாகப் பிடிக்கும். சித்தூர் மாதிரி சமதளத்துக்கு அதுவே போதும். மெட்டல் பேட் அதிகச் சூட்டைத் தாங்கும், மழையிலும் சேற்றிலும் மெதுவாகத் தேயும். ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். நவம்பர் மழையில் மலையில் ஓட்டுகிறவருக்கு மெட்டல்தான் சரி. ஒரு எச்சரிக்கை: ஷிமானோவின் விலை குறைந்த ரோட்டர்களில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று அச்சிட்டிருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டரே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

2. கேபிளும் வெளி உறையும். கேபிள் டிஸ்க் வைத்திருப்பவர்கள் "பிடிக்கவே மாட்டேங்குது" என்று சொல்வதற்குப் பல நேரம் துருப்பிடித்த கேபிளும் அமுங்கிப்போகும் உறையும்தான் காரணம். அமுங்காத வகை உறை போட்டால், அதே காலிப்பர் வேறு பிரேக் மாதிரி நடந்துகொள்ளும்.

3. ரோட்டர். 160 மி.மீ.யிலிருந்து 180-க்குப் போனால், அதே விரல் அழுத்தத்தில் நிறுத்தும் விசை சுமார் 12 சதவீதம் கூடும். 203-க்குப் போனால் சுமார் 27 சதவீதம். விசையைவிட முக்கியமானது, பெரிய தட்டு அதிகச் சூட்டை வாங்கிக்கொண்டு வேகமாக ஆறும். மலை இறக்கத்துக்கு, கொடுக்கிற காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். முன் சக்கரத்துக்கு முதலில் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

4. முழு ஹைட்ராலிக் செட். ஒரே விரலில் பிடிக்கலாம், கை வலிக்காது, பேட் தேய்மானம் தானாகச் சரியாகும். நீண்ட இறக்கத்தில் இது பெரிய விஷயம். ஷிமானோ எம்டி200 மாதிரி இரண்டு பிஸ்டன் செட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். உடல் எடை அதிகம், சுமையோடு பயணம், அடிக்கடி மலை என்றால் நான்கு பிஸ்டன் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் ஒன்று: 160 மி.மீ. ரோட்டரையும் ரெசின் பேடையும் அப்படியே வைத்துக்கொண்டு ஹைட்ராலிக் மட்டும் போட்டால், விரலுக்கு வேலை குறையும். சூடு குறையாது.

உங்க சைக்கிளுக்குப் பொருந்துமா?

ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் ஐந்து இடங்களைப் பாருங்கள்.

• ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மவுண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டும் யோசனை வேண்டாம்.

• எந்த வகை மவுண்ட்? போல்ட் சக்கரத்தின் அச்சுக்கு இணையாக, பக்கவாட்டில் போனால் ஐ.எஸ். வகை. முன்னும் பின்னுமாக, 74 மி.மீ. இடைவெளியில் இரண்டு மரையுள்ள துளைகள் இருந்தால் போஸ்ட் மவுண்ட். ரோட்டர் அளவு மாறினால் அதற்கேற்ற அடாப்டரும் தேவை.

• ஃபோர்க் எவ்வளவு பெரிய ரோட்டரைத் தாங்கும்? விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளுக்கு உச்ச அளவு உண்டு. கையேட்டில் 180 என்றால் 203 போடக் கூடாது.

• ஹப் ஆறு போல்ட் வகையா, சென்டர்லாக் வகையா? ரோட்டரும் அதே வகையாக இருக்கணும்.

• கியர் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே பாகமாக இருக்கிறதா? தொடக்க விலை கியர் சைக்கிள்கள் பலவற்றில் அப்படித்தான் வரும். ஹைட்ராலிக் போட்டால் ஷிஃப்டரையும் தனியாக வாங்க வேண்டிவரும். பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேபிள் காலிப்பர் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ரோடு பைக் லீவர் கேபிளைக் குறைவாக இழுக்கும், மவுண்டன் பைக் லீவர் அதிகம் இழுக்கும். இரண்டுக்கும் காலிப்பர்கள் வேறு வேறு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

ரோட்டரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டணும். ஆறு போல்ட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷிமானோ சொல்லும் அளவு ரோட்டர் போல்ட்டுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், காலிப்பர் போல்ட்டுக்கு 6 முதல் 8. மற்ற நிறுவனங்களின் அளவு வேறு, அவர்களுடைய கையேட்டைப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அது இருக்கும் கடையில் மாட்டுவதே நல்லது.

காலிப்பரை நேராக்க எளிய வழி: அதன் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இன்னும் உரசினால் மறுபடி செய்யுங்கள்.

திரவத்தை மாத்திப் போடவே கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மினரல் ஆயில் வகை. ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றில் டாட் 5.1, சில புது மாடல்களில் மினரல் ஆயில். ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும் பைக் பிரேக் ஆயிலை "அதுவும் இதுதான் சார்" என்று ஊற்ற விடாதீர்கள்.

எந்த லீவர் எந்த சக்கரத்துக்கு என்பதையும் மாட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பைக், ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கைக்கு வலது லீவர் என்றால் முன் பிரேக். சைக்கிளில் அது மாறியிருந்தால், அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

புது பேடைப் படிய வைப்பது எப்படி?

புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் 20-25 கி.மீ. வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கிற வேகத்துக்குக் குறைத்துவிட்டு லீவரை விடுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை. பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் ஒட்டிய பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். இந்த வேலையை மலை இறக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரோட்டரைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே ஒரு துளி பட்டாலும் பேட் வீண். ஷிமானோ கணக்கில் பேடின் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்தாலோ, ரோட்டர் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறைந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

இறங்கும் முன் கடைசியாக

பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து லீவரைப் பத்து தடவை அழுத்திப் பாருங்கள். ஸ்பான்ஜ் மாதிரி இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றாமல் மலையேற வேண்டாம்.

2023-ல் சிறுத்தை நடமாட்டத்துக்குப் பிறகு திருமலை மலைச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு இரவு நேரக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. நேரம் அவ்வப்போது மாறும். சைக்கிளுக்கு அன்றைக்கு அனுமதி உண்டா என்று அலிபிரி சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறங்கும் வாகனங்கள் குறைந்தது 40 நிமிடம் எடுக்க வேண்டும் என்று அங்கே விதி உண்டு. அதாவது சராசரியாக மணிக்கு 27-28 கி.மீ. கார்களுக்கே அந்த வேகம்தான் என்றால், உங்களுக்கும் அவசரம் வேண்டாம்.

பிரேக்கை உரசவிட்டபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு முழுசாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் ரோட்டர் ஆறும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, கருகிய வாசம் வந்தாலோ ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ரோட்டரைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும்.

சித்தூர் மாந்தோப்புப் பாதைதான் உங்கள் வழக்கமான ரூட் என்றால், நல்ல பேடும் புது கேபிளும் போதும், மீதிக் காசு கையில் இருக்கட்டும். மலை என்றால் முன்னால் பெரிய ரோட்டர், அதற்கேற்ற பேட், முடிந்தால் ஹைட்ராலிக். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு ரூபாயும் சூட்டைக் குறைக்கும் வேலையைச் செய்யும்.