கெட்டிமேள நேரத்தில் டிஸ்க் ஏன் திணறுகிறது?

முகூர்த்த நாட்களில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபங்களில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. மேடைக்கு எதிரே இரண்டு மூன்று கேமராக்கள், சுவரோரம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு லேப்டாப். சென்னையை அடுத்த குமணன்சாவடியில் நடக்கும் திருமணத்தை துபாயிலும் டொரண்டோவிலும் இருக்கும் உறவினர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். அதே லேப்டாப் முழு நிகழ்ச்சியையும் தன் டிஸ்கில் பதிவும் செய்கிறது. புரோகிதர் கையசைக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி ஓடத் தொடங்கும்போது தாலி கட்டி முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கும்.

எல்லோரும் இணையத்தைத்தான் திட்டுவார்கள். பல நேரங்களில் அது நியாயமும்கூட. ஆனால் நிகழ்ச்சி முடிந்தபின் பதிவான கோப்பை ஓடவிட்டுப் பாருங்கள். நேரலையில் நின்ற அதே இடத்தில் கோப்பிலும் படம் விட்டுப்போயிருந்தால் இணையத்தின்மேல் குற்றம் இல்லை. கோளாறு லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. பிராசசருக்கு வேலை கூடிப்போயிருக்கலாம். பிராசசர் பாதிக்கு மேல் சும்மா இருந்தும் இப்படி நடந்தால், சந்தேகம் டிஸ்கின் மேல் விழ வேண்டும். லினக்ஸில் இயங்கும் கணினிகளில் இந்தத் தடங்கலுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கையிலிருக்கும் இலவசக் கருவிகளாலேயே அவற்றைக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் சரிசெய்தும்விடலாம்.

நேரம் தவறினால் விடையே தவறு

கணினி செய்யும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அவசரம் கிடையாது. மின்கட்டண ரசீது அச்சாக மூன்று விநாடி கூடுதலாக ஆனால் யாருக்கும் நட்டமில்லை. சில வேலைகளில் சரியான விடை தாமதமாக வந்தால் அது தவறான விடைக்குச் சமம். இவற்றை நிகழ்நேர வேலைகள் என்கிறோம். குமணன்சாவடியில் தலைக்கு மேலே போகும் மெட்ரோ பாதை, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான நான்காம் வழித்தடத்தின் ஒரு பகுதி. ஓட்டுநர் இல்லாத ரயில்களுக்காக அமைக்கப்படும் பாதை அது. அத்தகைய ரயிலில் பிரேக் போடச் சொல்லும் கட்டளை குறித்த கணத்துக்குள் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அது கடுமையான நிகழ்நேரம். ஒளிபரப்பும் ஒலிப்பதிவும் சற்றே நெகிழ்வான நிகழ்நேரம். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் தவறிய கணம் திரும்ப வராது.

விநாடிக்கு 25 படங்கள் ஓடும் வீடியோவில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 40 மில்லி விநாடி. ஒலியில் கெடு இன்னும் குறுகியது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் ஒலிப்பதிவில், 256 மாதிரிகளை ஒரு தவணையாக வைத்தால் ஒவ்வொரு தவணைக்கும் 5.3 மில்லி விநாடிதான் உண்டு. அதற்குள் வேலை முடியாவிட்டால் தவில் ஓசை நடுவே ஒரு ‘டிக்’ சத்தம் விழும். ஒலிப்பொறியாளர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள்.

இனி டிஸ்கின் பக்கம் வருவோம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் லேப்டாப் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11 மில்லி விநாடி ஆகிறது. அதாவது தட்டு ஒரு முறை சுற்றி வருவதற்குள் ஒலியின் கெடு இரண்டு முறை கடந்துவிடுகிறது. ஒழுங்காக வேலை செய்யும் டிஸ்கின் நிலையே இது.

எழுதிவிட்டேன் என்பதும் எழுதுவதும்

டிஸ்க் மெதுவானது என்பது தெரிந்ததால்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. ஒரு மென்பொருள் கோப்பில் எழுதச் சொன்னால், கெர்னல் அந்தத் தகவலை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேராத இந்தப் பக்கங்களை டர்ட்டி பக்கங்கள் என்பார்கள். கெர்னலின் பின்னணி இழைகள் 5 விநாடிக்கு ஒரு முறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை டிஸ்கில் எழுதும். இவை பொதுவான இயல்பு அமைப்புகள்.

எழுத வேண்டியது குவிந்தால் இரண்டு வரம்புகள் குறுக்கிடுகின்றன. பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில் 10 விழுக்காடு டர்ட்டி பக்கங்களாகிவிட்டால், பின்னணியில் எழுதும் வேலை முடுக்கிவிடப்படும். அது 20 விழுக்காட்டை நெருங்கினால் கெர்னல் எழுதும் மென்பொருளையே பிடித்து நிறுத்தி வைக்கும். டிஸ்க் கொஞ்சம் காலி செய்தபிறகுதான் அது நகர முடியும். மண்டபத்தில் படம் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குமணன்சாவடிக்குச் சற்று மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஏரியின் முழு உயரம் 24 அடி. 2020 நவம்பரில் நிவர் புயல் நெருங்கியபோது நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே மதகைத் திறந்து, முதலில் விநாடிக்கு 1,000 கன அடி வீதம் வெளியேற்றினார்கள். விளிம்பு வரை காத்திருந்தால் ஒரேயடியாகப் பெருவெள்ளத்தைத் திறந்துவிட நேரும், அடையாறு அதைத் தாங்காது. டர்ட்டி பக்கங்களுக்கும் இதே விதிதான். சீக்கிரமாகவும் சிறிது சிறிதாகவும் வெளியேற்றினால் டிஸ்க் தாங்கும். நிரம்பும்வரை தேக்கிவைத்தால் தாங்காது.

ரேம் கூடினால் தடையும் கூடும்

ரேம் அதிகம் போட்டால் பிரச்சினை தீரும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே நடப்பது நேர்மாறு. வரம்பு விழுக்காட்டில் இருப்பதால் ரேம் பெருகப் பெருகத் தேங்கும் அளவும் பெருகும். 16 ஜிபி ரேமில் 20 விழுக்காடு என்பது சுமார் 3.2 ஜிபி. பெண் வீட்டார் கேட்டார்கள் என்று பழைய வீடியோ ஒன்றை விநாடிக்கு 10 மெகாபைட் மட்டுமே எழுதும் மலிவான பென்டிரைவில் நகலெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தேங்கிய 3.2 ஜிபியைக் காலி செய்ய அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில், பென்டிரைவுக்குச் சம்பந்தமே இல்லாத மென்பொருள்களும் திணறக்கூடும்.

2013 இறுதியில் கெர்னல் உருவாக்குநர்களிடையே இதே சிக்கல் பெரிய விவாதமானது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் மெதுவான யுஎஸ்பி கருவியில் எழுதும்போது எல்லாம் நின்றுவிடுகிறது என்று பயனர் ஒருவர் முறையிட்டார். நினைவகம் இவ்வளவு பெருகிவிட்ட காலத்தில் இந்த விழுக்காட்டுக் கணக்கு பொருந்தாது என்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஒப்புக்கொண்டார். பின்பு மேம்பாடுகள் வந்தன. 2017-ல் வந்த 4.10 பதிப்பில், பின்னணி எழுத்தைக் கட்டுப்படுத்தும் வசதியை ஜென்ஸ் ஆக்ஸ்போ சேர்த்தார். அதே ஆண்டின் 4.12 பதிப்பில் பாவ்லோ வாலென்டேவின் பிஎஃப்கியூ என்ற டிஸ்க் அட்டவணையாளர் இடம்பெற்றது. நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனால் 10, 20 என்ற இயல்பு வரம்புகள் கெர்னலில் இன்றும் அப்படியே இருக்கின்றன.

முன்னுரிமை கொடுத்தால் போதாதா?

பதிவு மென்பொருளுக்கு உயர்ந்த நிகழ்நேர முன்னுரிமை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த முன்னுரிமை பிராசசரைப் பிடித்துத் தரும், டிஸ்கைப் பிடித்துத் தராது. டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கும் மென்பொருளுக்கு பிராசசர் கிடைத்து என்ன பயன்? ஐயோநைஸ் என்ற கட்டளையால் டிஸ்க் முன்னுரிமையைத் தரலாம். ஆனால் ரேம் வழியாகப் போகும் எழுத்தை டிஸ்கில் இறக்குவது மென்பொருள் அல்ல, கெர்னலின் பின்னணி இழை. அதனால் மென்பொருளுக்குக் கொடுத்த முன்னுரிமை அந்த எழுத்தோடு கூடவே போவதில்லை.

ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற நிகழ்நேரக் கெர்னலும் இந்த வகையில் கைகொடுக்காது. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12-ல் அது மூலக் கெர்னலோடு இணைந்தது. பெரிய சாதனை அது. ஒரு அவசர வேலை பிராசசருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அது கட்டுக்குள் வைக்கிறது. தட்டு சுழலும் வேகத்தை எந்தக் கெர்னலாலும் மாற்ற முடியாது.

டிஸ்கைத் தொடுகிறோம் என்று தெரியாமலே தொடுவதும் உண்டு. இவான் ஜோன்ஸ் என்ற பொறியாளர் நான்கு மாதத் தேடலுக்குப் பின் கண்டுபிடித்த ஒரு பிழையைப் பற்றி 2015-ல் எழுதினார். ஜாவா நிரல் ஒன்று அவ்வப்போது காரணமே தெரியாமல் நின்றது. ஜாவா இயந்திரம் தன் புள்ளிவிவரங்களை நினைவகத்தோடு பிணைத்த ஒரு சிறு கோப்பில் எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம். நிரலைப் பொறுத்தவரை அது வெறும் நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றுவது. அந்தப் பக்கம் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருந்த கணத்தில் மாற்ற முயன்றால், டிஸ்க் முடிக்கும்வரை நிரல் முழுவதும் நின்றது. செயல்குறிப்பான லாக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினாலும் இப்படி நிரல் நின்றுபோகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். முனையத்தில் டாப் கட்டளையை ஓடவிட்டு ‘டபிள்யூஏ’ என்ற எண்ணைக் கவனியுங்கள். பிராசசர் சும்மா இருந்தபடி டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரத்தின் விழுக்காடு அது. ‘டி’ நிலையில் நிற்கும் நிரல்கள் பெரும்பாலும் டிஸ்குக்காகக் காத்திருப்பவை. மெம்இன்ஃபோ கோப்பில் ‘டர்ட்டி’, ‘ரைட்பேக்’ என்ற இரு வரிகளை விநாடிக்கு ஒரு முறை பார்த்தால் தேக்கம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். படம் நிற்கும் கணமும் இந்த எண்கள் உச்சம் தொடும் கணமும் ஒன்றாக இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது.

எந்த டிஸ்க் என்பதை ஐயோஸ்டாட் சொல்லும். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை மில்லி விநாடி காத்திருக்கிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. எந்த நிரல் என்பதை ஐயோடாப் சொல்லும். 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பு முதல், டிஸ்க் நெருக்கடியால் வேலைகள் எவ்வளவு நேரம் முடங்கின என்பதைக் கெர்னலே ‘பிரஷர்’ என்ற பெயரில் அளந்து தருகிறது. கூடவே கெர்னல் லாகையும் பாருங்கள். டிஸ்க் பிழைகளோ, 120 விநாடிக்கு மேல் ஒரு நிரல் முடங்கிக் கிடந்தது என்ற எச்சரிக்கையோ அதில் இருந்தால், ஸ்மார்ட் சோதனை செய்து டிஸ்க் பழுதாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். சாகப்போகும் டிஸ்கை எந்த அமைப்பும் காப்பாற்றாது.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மலிவான எஸ்எஸ்டிகளில் தொடக்கத்தில் சிறு பகுதி மட்டுமே வேகமாக எழுதும். அது நிரம்பியதும் வேகம் சட்டென விழும். ஏறக்குறைய நிறைந்துவிட்ட எஸ்எஸ்டியில் பழைய தொகுதிகளை அழித்து இடம் பண்ணும் வேலையும் சேர்ந்துகொள்ளும். பெட்டிமேல் அச்சிட்ட வேகம் நல்ல நேரத்து வேகம். நிகழ்நேர வேலைக்கு மோசமான கணத்தின் வேகம்தான் கணக்கு.

எப்படிச் சரிசெய்வது?

மதகை முன்கூட்டியே திறப்பது முதல் வேலை. விழுக்காட்டுக்குப் பதிலாக வரம்பைப் பைட் அளவில் கொடுக்கக் கெர்னல் இடம் தருகிறது. பின்னணி வரம்பை 64 மெகாபைட், உச்ச வரம்பை 256 மெகாபைட் என்று வைத்துத் தொடங்கலாம். பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகம் சற்றுக் குறையலாம், நீண்ட தடங்கல்கள் குறையும். பதிவுக்குத் தனி டிஸ்க் வைத்து, இயங்குதளமும் மற்ற மென்பொருள்களும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. நிகழ்ச்சி நடக்கும்போது பென்டிரைவ் நகல், மென்பொருள் புதுப்பித்தல், பேக்கப் எதையும் தொடங்காமல் இருப்பது மூன்றாவது.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு விதி ஒன்றுதான்: கெடு உள்ள இழை டிஸ்கைத் தொடவே கூடாது. அது தகவலை ரேமில் உள்ள வளையத் தாங்கியில் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வேறோர் இழை அதிலிருந்து எடுத்து டிஸ்கில் எழுதட்டும். பால் டேவிஸ் உருவாக்கிய ஜாக் ஒலி அமைப்பும் ஆர்டர் ஒலிப்பதிவு மென்பொருளும் இந்த நெறியில் நிற்பவை. இதற்குப் பெரிய செலவும் இல்லை. விநாடிக்கு 20 மெகாபிட் வீடியோ என்பது 2.5 மெகாபைட். டிஸ்க் முழுதாகப் பத்து விநாடி நின்றாலும் தாங்க 25 மெகாபைட் ரேம் போதும். 8 ஜிபி உள்ள லேப்டாப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தாங்கி டிஸ்கிலுள்ள ஸ்வாப் பகுதிக்குப் போய்விடாதபடி ரேமிலேயே பூட்டிவைக்கவும் வேண்டும். லாக் வரிகளையும் இதே வழியில் அனுப்ப வேண்டும்.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர்களிடம் போனது. 2011 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதும் குமணன்சாவடி அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். ஆனால் அந்த லேப்டாப்பைத் திறந்து உள்ளே நடப்பதை அளந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் போதிய அளவு வளரவில்லை. லினக்ஸின் பெரும் பலமே உள்ளே பார்க்கலாம் என்பதுதான். நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் இயங்குதளப் பாடத்தோடு இந்த அளவீடுகளையும் செய்முறையாகச் சேர்க்க வேண்டும்.

நேரலைத் தொழிலில் இருப்பவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். பதிவை ஓடவிட்டு, அதே டிஸ்கில் 10 ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். அப்போதும் படம் நிற்காவிட்டால் டிஸ்கைப் பற்றிய பயமின்றி மண்டபத்துக்குப் போகலாம்.