பிஸ்டனின் கனம்

இன்றைய லிட்டில் இந்தியாவின் ரேஸ்கோர்ஸ் சாலையை அடுத்திருந்த குதிரைப் பந்தயத் திடலில் 1919 டிசம்பர் 4ஆம் நாள் ஒரு விமானம் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விக்கர்ஸ் விமி அது. அதன் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்களில் இருந்தவை அலுமினியக் கலவைப் பிஸ்டன்கள்.

முன்னர் பிஸ்டனை வார்ப்பிரும்பால் செய்தனர். உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இரு முனையிலும் நின்று திரும்பவேண்டும். கனம் மிகுந்தால் எஞ்சின் வருந்தும், வேகம் கூடாது. அலுமினியமோ இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுந்தது. வெப்பத்தையும் விரைந்து கடத்தும். ஆங்கிலேயரான பென்ட்லி போருக்கு முன்பே கார் எஞ்சினில் இதைச் சோதித்தார். போர்க்காலத்தில் விமானங்களுக்கும் பரவியது.

ஆனால், சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இருமடங்கு விரியும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் உருளையில் இறுகும். மிகுந்தால், குளிர்ந்த எஞ்சினில் தட்டும். கனத்தைக் குறைத்த பொறியாளர்கள் பின்னர் நெடுங்காலம் உழைத்தது அம்மயிரிழை இடைவெளிக்காகவே.