மியூல் நூற்பொறியும் ஒரு சிற்றூர்க் கம்பளி ஆலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தில், ஆயிரம் பேர்கூட வசிக்காத ஹார்மனி என்னும் ஊரில், பார்ட்லெட் குடும்பத்தார் 1821ஆம் ஆண்டில் ஒரு கம்பளி ஆலையை நிறுவினர். மாசசூசெட்சிலிருந்து பிரிந்து மேய்ன் தனி மாநிலமானது அதற்கு முந்தைய ஆண்டில்தான் என்பதால், மாநிலத்தின் வயதும் ஆலையின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவந்த அந்த ஆலையை ஒட்டியே ஒரு நூல் கடையும் உண்டு. கையால் பின்னுவோருக்கான கம்பளி நூல் அங்கே சிட்டங்களாக, அதாவது வளையமாகச் சுற்றி முறுக்கிக் கட்டிய நூற்கட்டுகளாக விற்கப்படுகிறது. எனினும் நெசவுத்தொழில் அறிந்தோரின் கவனத்தை அந்த ஊரின்பால் ஈர்த்தது கடையில் அடுக்கிய நூலின் நிறங்களைக் காட்டிலும், அந்நூலை நூற்ற பொறியே ஆகும். உலகின் பெரும்பாலான ஆலைகள் எப்போதோ பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்ட மியூல் என்னும் நூற்பொறியை இவ்வாலை இருபத்தோராம் நூற்றாண்டிலும் வணிக நோக்கில் இயக்கிவந்தது.

இத்தகைய ஆலை அத்தகைய ஊரில் தோன்றியதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. பொறிகளை ஓட்ட நீர்விசை வேண்டும். அதற்கான ஓடைகள் மேய்னை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியெங்கும் இருந்தன. மூலப்பொருளாக ரோமம் வேண்டும். லிஸ்பன் நகரில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த வில்லியம் ஜார்விஸ் 1810ஆம் ஆண்டையொட்டி ஸ்பானிய மெரினோ ஆடுகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பியபின், அப்பகுதியின் மலைச்சரிவுகள் ஆட்டுமந்தைகளால் நிறைந்தன. 1840இல் வெர்மான்ட் என்னும் சிறு மாநிலத்தில் மட்டும் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட செம்மறியாடுகள் இருந்தன. நெல்லை அரைவை ஆலைக்குக் கொண்டுசெல்வது எப்படி இயல்போ அப்படியே ரோமத்தைக் கம்பளி ஆலைக்குக் கொண்டுசெல்வதும் அக்காலத்து உழவருக்கு இயல்பாக இருந்தது. ரோமத்தைக் கொடுத்துப் பதிலுக்கு நூல் பெறும் அந்தப் பண்டமாற்று முறையை ஹார்மனி ஆலை பிற்காலத்திலும் கைவிடவில்லை.

கம்பளி நூலில் இருவகை உண்டு என்பதை முதலில் அறிதல் வேண்டும். நீண்ட இழைகளைச் சீப்பால் வாரி, குட்டையானவற்றை நீக்கி, எஞ்சியவற்றை இணையாகப் படியவைத்து நூற்பது ஒருவகை. வழவழப்பான கோட்டுத்துணிகளுக்கு உதவும் இந்நூலுக்கு வொர்ஸ்டெட் என்று பெயர். குட்டையும் நெட்டையுமான இழைகளை வாராமல், கார்டிங் என்னும் சிக்கெடுக்கும் பொறியில் மட்டும் இட்டு, அவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நிலையிலேயே நூற்பது மற்றொரு வகை. உல்லன் எனப்படும் இந்த இரண்டாம் வகையில் இழைகளுக்கிடையே காற்று மிகுதியாகச் சிறைப்படுவதால் நூல் உப்பலாகவும் கதகதப்பாகவும் அமைகிறது. ஹார்மனி ஆலையில் உருவாவது இவ்வகை நூலே.

கழுவிக் கொழுப்பு நீக்கிய ரோமம், பற்கள் பதித்த உருளையில் உதிர்க்கப்பட்டு, இழைகள் முறியாதிருக்க எண்ணெய் தெளிக்கப்பட்டபின் கார்டிங் பொறிக்குச் செல்கிறது. நுண்ணிய கம்பிமுனைகள் போர்த்திய உருளைகள் அதனைச் சிலந்திவலை போன்ற மெல்லிய படலமாக விரிக்கின்றன. பொறியின் கடைசிப் பகுதி அப்படலத்தை நீளவாட்டில் நாடாக்களாகப் பிரித்து, தோல்பட்டைகளுக்கு நடுவே உருட்டித் தேய்த்து, ரோவிங் எனப்படும் திரிகளாக்குகிறது. இத்திரியில் முறுக்கு இல்லை. தன் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டுமே வலிமை உண்டு. இரு விரல்களால் இழுத்தால் ஓசையின்றிப் பிரிந்துவிடும். இவ்வளவு மென்மையான பொருளை அறாமல் நீட்டி, முறுக்கேற்றி, சுற்றிவைக்க வேண்டும் என்னும் சிக்கலுக்கு மனிதர் கண்ட மிக நயமான தீர்வுதான் மியூல்.

அதனை உருவாக்கிய சாமுவேல் கிராம்ப்டன், இங்கிலாந்தின் போல்டன் நகருக்கு அருகே ஒரு பழைய மாளிகையின் ஒரு பகுதியில் குடியிருந்த இளைஞர். நாடக அரங்கில் வயலின் வாசித்து ஈட்டிய சிறுதொகையைப் பொறிக்குச் செலவிட்டு, 1779இல், தம் இருபத்தாறாம் வயதையொட்டி அதனை முடித்தார். உருளைகளின் வழியே திரியைச் சீராக விடும் ஆர்க்ரைட்டின் முறையையும், கதிர் என்னும் சுழல்தண்டைக் கொண்டு இழுத்து முறுக்கும் ஹார்க்ரீவ்சின் ஜென்னி என்னும் பொறியின் முறையையும் அவர் ஒன்றாக்கினார். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையின் ஆங்கிலப் பெயர் அதற்கு வாய்த்தது அதனால்தான். அவர் காப்புரிமை பெறவில்லை. ஆலை முதலாளிகளின் வாக்குறுதியை நம்பிப் பொறியின் மர்மத்தை வெளியிட்டு, மிகச் சொற்பமான தொகையையே பெற்றார். முப்பதாண்டுகளுக்குப் பின் அவர் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தபோது, அவருடைய முறையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. அக்கணக்கின் அடிப்படையில் நாடாளுமன்றம் உதவித்தொகை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த 1812 மே மாதத்தில், பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் நாடாளுமன்ற முன்கூடத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் கிராம்ப்டனுக்கு வழங்கப்பட்டது 5,000 பவுன் மட்டுமே.

பொறியின் அமைப்பைப் பார்ப்போம். ஒருபுறம், ரோவிங் சுற்றிய பெரிய உருளைகள் அசையாத சட்டத்தில் அமர்ந்திருக்கின்றன. எதிர்ப்புறம், வரிசையாகக் கதிர்கள் பொருத்திய நீண்ட வண்டி ஒன்று தரையில் பதித்த தண்டவாளத்தின்மேல் சட்டத்தை விட்டு விலகியும் சட்டத்தை நோக்கி நெருங்கியும் ஓடுகிறது. ஹார்மனியில் நின்ற 1948ஆம் ஆண்டுப் பொறியில் இருநூறுக்கும் மேற்பட்ட கதிர்கள் இருந்தன. வண்டி விலகத் தொடங்கும்போது உருளைகள் திரியைக் குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்து நின்றுவிடுகின்றன. வண்டியோ நிற்காமல் ஏறத்தாழ ஆறடி தொலைவுவரை பின்வாங்குகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கயிறு திரிப்போர், இடுப்பில் கட்டிய நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்க, எதிரே சக்கரம் சுழன்று முறுக்கேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இயக்கம் உடனே விளங்கும். வேறுபாடு யாதெனில், இங்கே சுழலும் கதிரே பின்னோக்கி நடக்கிறது.

உருளைகள் நின்றபின்னும் வண்டி விலகுவதால் திரி நீண்டாக வேண்டும். வலிமையற்ற திரி அப்போது ஏன் அறுந்துவிடுவதில்லை என்னும் வினாவுக்கான விடையே மியூலின் தனிச்சிறப்பு. வண்டி விலகும்போதே கதிர்கள் மெதுவாகச் சுழன்று சிறிதளவு முறுக்கை ஏற்றுகின்றன. முறுக்கு திரியின் நீளமெங்கும் சமமாகப் பரவுவதில்லை. தடித்த இடம் திருகலை எதிர்ப்பதால், மெலிந்த இடத்தை நோக்கியே அது முதலில் ஓடிச் சேர்கிறது. முறுக்குச் சேர்ந்த மெலிந்த இடம் இறுகி, மேற்கொண்டு நீள மறுக்கிறது. முறுக்குச் சேராத தடித்த இடமோ தளர்வாகவே இருப்பதால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீள்கின்றன. நீண்டு மெலிந்ததும் முறுக்கு அங்கும் போய்ச் சேர்ந்து அதனையும் இறுக்குகிறது. இவ்வாறு எவ்வித அளவுகோலும் கண்காணிப்பும் இன்றித் திரி தன் மேடுபள்ளங்களைத் தானே சமன்செய்துகொள்கிறது. இந்த இயற்பியலைக் கைராட்டையில் நூற்றோர் விரல்களால் அறிந்திருந்தனர். மியூல் அதனை நூற்றுக்கணக்கான கதிர்களில் ஒரே நேரத்தில் நிகழ்த்தியது.

கதிரின் நுனியில் மற்றொரு நுட்பம் மறைந்திருக்கிறது. கதிர்கள் செங்குத்தாக நில்லாமல் சட்டத்தின் பக்கம் சற்றே சாய்ந்திருப்பதால், நூல் கதிரின் நுனிக்குமேல் விரிகோணத்தில் செல்கிறது. கதிர் ஒருமுறை சுழலும்போது நூல் நுனியில் ஏறி வழுக்கி விழுகிறது. ஒவ்வொரு வழுக்கலும் நூலில் ஒரு முறுக்காகப் பதிகிறது. கதிரில் எதுவும் சுற்றிக்கொள்வதில்லை. வண்டி கடைக்கோடிக்கு வந்து, எஞ்சிய முறுக்கும் ஏறியபின், கதிர்கள் சில சுற்றுகள் பின்னோக்கிச் சுழன்று நுனியைச் சுற்றிக் கிடக்கும் நூலை விடுவிக்கின்றன. அப்போது வண்டியின் நீளம் முழுவதும் ஓடும் மெல்லிய கம்பியொன்று இறங்கி எல்லா நூல்களையும் ஒருசேரக் கீழே அழுத்துகிறது. நூல் இப்போது கதிருக்குச் செங்குத்தாக வந்துவிடுவதால், அதே கதிர், அதே திசையில் சுழன்றபோதிலும், முறுக்குவதை விட்டுச் சுற்றத் தொடங்குகிறது. வண்டியும் சட்டத்தை நோக்கித் திரும்பி ஓடுகிறது. கோணத்தை மாற்றியே ஒரே கருவியிடம் இருவேறு வேலைகளை வாங்கும் இந்த எளிமைக்கு ஈடான பொறிநுட்பம் தொழில்வரலாற்றில் அதிகமில்லை.

தொடக்கத்தில் வண்டியைத் திரும்பத் தள்ளுவதும் கம்பியை இறக்குவதும் தேர்ந்த தொழிலாளியின் கைப்பக்குவமாக இருந்தன. அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகளின் வேண்டுகோளை ஏற்ற மான்செஸ்டர் பொறியாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், 1825இலும் 1830இலும் பெற்ற காப்புரிமைகளின் வழியே மியூலைத் தானியங்கியாக்கினார். நூற்கண்டு பருக்கப் பருக்கக் கதிரின் வேகத்தை மாற்றியாக வேண்டும் என்னும் கடினமான கணக்கை அவர் கால்வட்ட வடிவிலான ஒரு நெம்புகோலால் தீர்த்தார். இப்பெருமையைப் போற்றும்போது, பருத்தி ஆலைகளில் ஓடும் வண்டிக்கு அடியில் தவழ்ந்து கழிவுப்பஞ்சைப் பொறுக்கியவர்கள் சிறுவர் சிறுமியர் என்பதையும், ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோரை ஆலைவேலைக்கு வைக்கலாகாது என்று விதிக்கச் சட்டமே தேவைப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது.

இன்று கோயம்புத்தூரிலும் ராஜபாளையத்திலும் ஓடுபவை பெரும்பாலும் ரிங் ஃபிரேம்களே. அமெரிக்கரான ஜான் தார்ப் 1828இல் காப்புரிமை பெற்ற வளைய நூற்புமுறையின் வழிவந்த அவை, முறுக்குவதையும் சுற்றுவதையும் ஒரே நேரத்தில் இடைவிடாமல் செய்கின்றன. இடமும் குறைவாகவே கொள்கின்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மியூலையே பற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஜம்ஷெட்ஜி டாடாவின் நாக்பூர் எம்பிரஸ் ஆலை 1880களிலேயே ரிங் முறைக்கு மாறியது இந்தியத் தொழில்வரலாற்றின் தொலைநோக்குள்ள முடிவுகளில் ஒன்று. பருத்தியில் மியூல் தோற்றது நியாயமே. ஆனால் பல பண்ணைகளிலிருந்து வரும், குட்டையும் நெட்டையும் கலந்த, சிறிய அளவிலான ரோமத்தை அதிக இழுவிசையின்றி உப்பலான நூலாக்கும் வேலையில் மியூலின் நிதானம் குறையாகாமல் தகுதியாகிறது.

அந்த நிதானமான ஆலைகள் மறையும்போது நேர்வது என்ன என்பதே எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. பெரிய ஆலைகளுக்கு ஒரே தரத்தில் பெருமளவு ரோமம் வேண்டும்; முப்பது நாற்பது ஆடுகள் வளர்ப்பவரின் சரக்கு அவற்றின் வாயிலைக்கூட எட்டாது. வெயில் காலத்தில் ஆட்டின் நலனுக்காக ரோமத்தைக் கத்தரித்தே ஆக வேண்டும்; கத்தரிப்பவருக்குக் கொடுக்கும் கூலிக்குக்கூட ரோமத்தின் விலை ஈடாகாததால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உழவர்கள் பலர் அதனை எரிக்கவோ எருக்குழியில் புதைக்கவோ செய்கின்றனர். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாத, எளிதில் தீப்பற்றாத, மண்ணில் மக்கிப்போகும் ஓர் இழையை எரித்துவிட்டு, துவைக்குந்தோறும் நுண்ணிய நெகிழித்துகள்களை நீரில் கலக்கும் அக்ரிலிக் நூலை அதே உழவர் விலைகொடுத்து வாங்குவது, மலிவு என்னும் பெயரால் நடக்கும் பெரும் வீணடிப்பு.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. கோயம்புத்தூர் ஆட்டினத்தோடு டாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல் இனங்கள் கலந்து உருவான நீலகிரி ஆடு, தென்னாட்டில் மென்ரோமம் தரும் அரிய இனம். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணிவந்தும், அதன் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. ரோமத்தை வாங்கி நூலாக்கித் தரும் சிறு ஆலை அருகில் இல்லாத நிலையில், ரோமத்துக்காக ஆடு வளர்க்குமாறு எந்த உழவரிடமும் சொல்ல இயலாது. இனத்தைக் காப்பதற்கான திட்டங்கள் ஆட்டோடு நின்றுவிடாமல் கார்டிங் பொறிக்கும் நூற்கதிருக்கும் இடம் தருவதாக அமைய வேண்டும்.

பழம்பொறி என்பதற்காக ஒன்றைப் போற்ற வேண்டியதில்லை. அது செய்யும் வேலையை வேறெதுவும் அந்த அளவில் செய்யவில்லை என்றால் மட்டுமே போற்ற வேண்டும். சிறு மந்தைக்கும் பின்னல் ஊசிக்கும் இடையே சிறு ஆலையைத் தவிர வேறு பாலம் இல்லை. குளிர்நாட்டில் வாழ்வோரும், மலையூர்களுக்குச் செல்வோரும், கம்பளி உடை வாங்குமுன் அதன் சீட்டைப் புரட்டி, அது ஆட்டின் ரோமமா அக்ரிலிக்கா என்று ஒருமுறை படித்துப்பார்த்தல் நலம்.