தும்பறைக் காட்டில் இரண்டு இரவுகள்

கண்டி நகருக்கு வடகிழக்கே, மூடிய கைம்முட்டியின் கணுக்களைப்போல அடுத்தடுத்து எழுந்து நிற்கும் சிகரங்கள் சில உள. அவ்வுருவங் கண்டே ஆங்கிலேயர் அம்மலைக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை என்பர். 2000ஆம் ஆண்டில் அரசு அதனைப் பாதுகாப்பு வனமாக்கிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் நூலறிவு. காட்டை அறியவேண்டுமாயின் அதனுள் உறங்கி எழவேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் நால்வர் ஒரு வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து பஸ் ஏறினோம். விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணிற் பட்டபோது, பழைய தெல்தெனிய நகரம் அந்நீருக்கடியிலே கிடக்கிறது என்றார் புவியியல் நண்பர். பஸ்ஸில் அதன்பின் பேச்சுக் குறைந்துவிட்டது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து வாடகை வண்டியில் தேயிலைச் சரிவுகளைக் கடந்து கோபெட் கணவாயை அடைந்தோம். அங்கே காற்று மனிதனை நிமிர்ந்து நிற்க விடுவதில்லை. கீழே மீமுரே கிராமம். அதற்கப்பால் ஈட்டிமுனைபோல் லக்கேகல மலை. இராவணனின் வானூர்தி அதன் உச்சியிலிருந்தே எழுந்தது என்பது ஊரார் நம்பிக்கை. பாறையைக் கண்டபின் அக்கதையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு ஊரருகே ஆற்றோரத்திற் கூடாரம் அடித்தோம். பாணும் கட்டைச்சம்பலும் உணவு. குளிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லா மலைகளிலும் குளிர்தான்.

மறுநாள் வழிகாட்டியாக வந்தவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு கிராமத்துப் பெரியவர். அட்டைகளுக்குச் சவர்க்காரமே போதுமென்று எங்கள் கால்களிலே தாமே பூசிவிட்டார். மூக்கின் நுனியில் இலைபோன்ற தசை நீண்ட ஓணானொன்றை மரத்தண்டிற் காட்டினார். உலகில் இம்மலைத்தொடரிலன்றி வேறெங்கும் அவ்வினம் இல்லையென்று தாவரவியல் நண்பர் கூறியதும், "அப்படியானால் இதுவும் எங்கள் ஊரவன்தான்" என்று சிரித்தார்.

நண்பகலில் இடிந்த கட்டடமொன்றின்முன் நின்றோம். ஏலக்காய் உலர்த்திய இடம் அது. எங்களுள் மலையகத்தவரான நண்பர் அதன் கல் அடுப்பை நெடுநேரம் பார்த்து நின்றார். இத்தகைய ஸ்டோரொன்றில் இரவிரவாக விறகு எரித்தவராம் அவருடைய பாட்டனார். அதனை அவர் சிங்களத்திற் சொன்னதும் பெரியவர் அவர் தோளிற் கைவைத்தார். தாமும் இளமையில் அதே வேலை செய்தவரென்றார்.

ஏலம் நிழலை விரும்பும் பயிர். ஆகையால் நெடுமரங்களை விட்டுவிட்டு, கீழுள்ள செடிகொடிகளை மாத்திரம் வெட்டி நீக்கி அதனை நடுவர். தூரத்திலிருந்து நோக்கினாற் காடு காடாகவே தோன்றும். ஆயினும் முதுமரம் விழுந்தால் அதன் இடத்தை நிரப்ப இளங்கன்று இராது. உலர்த்தும் அடுப்புக்கும் இக்காடே விறகு தந்தது. தடை வந்த காரணம் இதுவேயென்று தாவரவியல் நண்பர் விளக்கினார்.

பெரியவர் மறுக்கவில்லை. கட்டடத்தின் பின்புறம் அழைத்துச் சென்று, பழைய ஏலப் புதர்களிடையே முளைத்திருந்த மரக்கன்றுகளைத் தாமே காட்டினார். "மரம் திரும்பி வருகிறது, மஹத்தயா. என் மகன்தான் கொழும்புக்குப் போய்விட்டான், அவன் திரும்பி வரவில்லை" என்றார்.

தாவரவியல் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. தடை சரியானதே என்பது என் கருத்தும். ஆனால் காட்டைக் காத்தமைக்கு நாட்டார் அனைவரும் பெருமை கொள்ள, அதற்குரிய விலையை மலையடி ஊரவர் சிலரே கொடுத்திருக்கின்றனர். உலக மரபுரிமை என்னும்போது இக்கணக்கையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். வகுப்பிலே இம்மலையைப் படத்திற் காட்டும் நாம் அதனைச் சொல்வதில்லை.

இரண்டாம் இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துள் நால்வரும் முழங்காலைக் கட்டியபடி விடியும்வரை ஏலத்தையும் கோப்பியையும் பற்றி வாதாடினோம்.

ஞாயிறு காலையிற் புறப்படுகையில் பெரியவர் ஒரு சாக்கை நீட்டினார். உல்லாசப் பயணிகள் ஆற்றோரத்தில் எறிந்துசென்ற பிளாஸ்டிக் போத்தல்கள். மலையடிவரை கொண்டுபோய்விடும்படி கேட்டுக்கொண்டார். முறைவைத்துச் சுமந்தோம். ஹுன்னஸ்கிரியவிற் பஸ் ஏறியபோது நடத்துநர் எங்களையும் சாக்கையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சாக்குக்கும் ஒரு டிக்கெற் எழுதினார்.